நட்டவரும் நடப்பட்டவரும்: ஜொகூர்த் தோட்டக் குடியிருப்புகளின் நிலமும் மரபும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதனைத் தொழிலாளர் வரலாறாகவே எழுதியுள்ளனர். கெர்னியல் சிங் சந்து 1969இலும் சின்னப்பா அரசரத்தினம் 1970இலும் வெளியிட்ட நூல்கள் தொடங்கிப் பின்வந்த ஆய்வுகள் பலவும் ஆள்சேர்ப்பு முறை, கூலி, தொழிற்சங்கம், வறுமை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்தன. இவ்வாய்வுகளின் பயனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், ஒரே இடத்தில் மூன்று நான்கு தலைமுறையாகப் பிறந்து, மணந்து, மடிந்த ஒரு மக்கட்கூட்டத்தைக் 'குடியேறியோர்' என்னும் பார்வையில் நோக்கும் முயற்சி குறைவாகவே நடந்துள்ளது. இக்கட்டுரை ஜொகூர் மாநிலத்தை மட்டும் எல்லையாகக் கொண்டு, தோட்டப்புறத் தமிழர்க்கும் அவர்கள் வாழ்ந்த நிலத்திற்கும் இடையே நிலவிய உறவு யாது, அவ்வுறவு அவர்தம் மரபை எவ்வாறு உருவாக்கியது என்பதை ஆராய முற்படுகின்றது.

முதற்கண் ஒரு சொல்லின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். தோட்டத்தைக் குறிக்க ஆங்கிலேயர் ஆண்ட 'பிளாண்டேஷன்' என்னும் சொல், 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பயிரை நடுவதைக் காட்டிலும் மக்களை நடுவதையே சிறப்பாகக் குறித்தது. அயர்லாந்தின் வடபகுதியாகிய அல்ஸ்டரில் 1609ஆம் ஆண்டு முதல் அரசு நடத்திய குடியேற்றத்திற்கு 'அல்ஸ்டர் பிளாண்டேஷன்' என்பதே பெயர். கேலிக் குடித்தலைவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தில் ஸ்காட்லாந்தினரும் ஆங்கிலேயரும் 'நடப்பட்டனர்'. ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியிலிருந்து வந்த உழவர்கள் தம் பிரஸ்பிட்டேரியன் சமயத்தையும் தம் பேச்சு மொழியையும் உடன் கொணர்ந்தனர். 400 ஆண்டுகள் கடந்தும் அங்குள்ள சிற்றூர்களில் அவ்விரண்டும் வாழ்கின்றன. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர் ஸ்காட்லாந்தினர் பலர் மலாயாவிற்கு வந்தபோது நடப்பட்டது ரப்பர். அதனை நடுவதற்கென நடப்பட்டோர் தமிழர். ஆகவே இவ்விரு குடியேற்றங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வெறும் சொல் விளையாட்டாகாது எனக் கருதுகிறோம்.

ஜொகூரின் தனிநிலை

பேராக், சிலாங்கூர் ஆகியவற்றின் தமிழர் வரலாற்றை அப்படியே ஜொகூருக்குப் பொருத்திக் கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது பிழை. ஜொகூர் கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் ஒன்றாக இருந்ததில்லை. 1914ஆம் ஆண்டு வரை பிரிட்டிஷாரின் நேரடி நிர்வாகக் கட்டுப்பாட்டிற்கு அது முழுமையாக உட்படவும் இல்லை. தெமெங்கோங் இப்ராகிம், அவர்தம் மைந்தர் சுல்தான் அபு பக்கார் ஆகியோர் காலத்தில் மாநிலத்தின் பொருளாதாரம் சீனர் பயிரிட்ட கம்பீரையும் மிளகையும் நம்பியிருந்தது. ஓர் ஆற்றின் பள்ளத்தாக்கைத் திருத்திப் பயிரிடும் உரிமையைச் சீனத் தலைவர் ஒருவருக்கு எழுத்து வடிவில் வழங்கும் 'சூராட் சுங்கை' முறை 1844இல் தொடங்கியது. அவ்வுரிமை பெற்ற தலைவர் 'காங்சூ' எனப்பட்டார். அவர் நிறுவிய துறைமுகக் குடியிருப்பு 'காங்கார்' எனப்பட்டது. இம்முறை 1917இல் சட்டத்தால் நீக்கப்பட்டது.

மேற்குக் கடற்கரையின் சதுப்பு நிலங்களிலோ ஜாவானியரும் பஞ்சார் இனத்தவரும் குடியேறினர். கால்வாய் வெட்டி நீரை வடித்துத் தென்னையும் கமுகும் பின்னர் ரப்பரும் பயிரிட்ட அவர்கள், தாம் திருத்திய நிலத்திற்குத் தாமே உரிமையாளராயினர். பத்து பகாட், பொந்தியான் மாவட்டங்களின் இன்றைய சமூக அமைப்பு அக்கால்வாய்க் கரைகளில் உருவானதே.

தமிழர் பெருந்திரளாக வந்தது இவற்றிற்கெல்லாம் பின்னரே. கிம்மாசையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் இருப்புப்பாதை 1909இல் நிறைவெய்தியது. அதுவரை உள்நாட்டுக் காடுகளை அடைய ஆறுகளே வழி. இருப்புப்பாதை திறந்தபின் சிகாமட், லாபிஸ், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என அதன் இருமருங்கிலும் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஜொகூரின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 1,80,000. இந்தியர் 6,000ஐ எட்டவில்லை. 1931ஆம் ஆண்டுக் கணக்கில் மொத்தத் தொகை 5,00,000ஐக் கடந்தபோது இந்தியர் தொகையும் 50,000ஐக் கடந்திருந்தது. இருபதே ஆண்டுகளில் எட்டு மடங்கிற்கும் மேற்பட்ட பெருக்கம் இது. இவர்களுள் மலையாளிகளும் தெலுங்கரும் இருந்தனராயினும் மிகப் பெரும்பான்மையோர் தமிழரே.

இக்காலவரிசை முதன்மையானது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. எனவே ஜொகூர்த் தோட்டங்களில் நிலைபெற்ற தமிழர் பெரும்பாலோர் கங்காணி முறையில் வந்தவர்கள். கங்காணி தன் ஊருக்கே சென்று, தன் உறவினரையும் சுற்று வட்டாரத்தாரையும் திரட்டி நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றினார். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்கள் ஆள் திரட்டிய பெரும்புலங்கள். தன் ஆட்களுள் பெரட்டுக்கு வந்து வேலைக்கு நின்றோரின் எண்ணிக்கைக்கேற்பக் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. சுரண்டலுக்கு வழி திறந்த முறை இது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தையும் வரலாற்றாளர் காண வேண்டும். ஓர் ஊரின் உறவுக்குழு குலையாமல் ஒரே தோட்டத்திற்கு வந்திறங்கியது. குலதெய்வமும் சடங்கும் திருமண உறவு முறையும் அதனுடன் வந்தன. சாதிப் பிரிவினையும் வந்தது. தோட்ட நிர்வாகங்கள் சில, சாதிவாரியாக லயன் வீடுகளைப் பகுத்துக் கொடுத்து அப்பிரிவினைக்குக் கல்லும் பலகையும் சேர்த்தன. மரபு என்று பேசும்போது இதனை மட்டும் மறைத்துவிடுதல் நேர்மையாகாது.

இடப்பெயர்கள் கூறும் செய்தி

ஒரு மக்கட்கூட்டம் நிலத்தில் வேரூன்றியமைக்கு இடப்பெயர் போன்ற சான்று பிறிதொன்றில்லை. ஜொகூரின் வரைபடத்தை விரித்து நோக்கினால் மூவகைப் பெயர்கள் கண்ணிற்படும். பாரிட் ராஜா, பாரிட் ஜாவா, பாரிட் சூலோங், பாரிட் யாணி என்பன கால்வாய் வெட்டிய குடியேறிகளின் நினைவு. 'பாரிட்' என்பதற்கு வாய்க்கால் என்பது பொருள். காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்பன சீனக் காங்சூக்களின் நினைவு. மூன்றாம் வகை, தோட்டங்களின் பெயர்கள்: லனாட்ரோன், கிரெய்கிலி, மவுண்ட் ஆஸ்டின், பிரேசர், எலியிஸ். இவற்றுள் தமிழ் எங்கே?

மூவார் வட்டாரத்துக் கிரெய்கிலித் தோட்டத்தின் பெயர் சிந்திக்கத்தக்கது. கிரெய்கிலி என்பது ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரை அடுத்த வனப்பகுதியொன்றின் பெயர். அந்நகரின் நெசவாளியும் கவிஞருமான ராபர்ட் டானஹில் (1774–1810) அவ்வனத்தைப் பாடியதால் ஸ்காட்லாந்து முழுமைக்கும் அப்பெயர் அறிமுகமாயிற்று. கடல் கடந்து வந்தவர் தம் தாய்மண்ணின் பெயரைப் புதுமண்ணுக்கு இடுதல் இயல்பு. அல்ஸ்டரில் குடியேறிய ஸ்காட்லாந்தினரும் அவ்வாறே செய்தனர். மலாயாவின் வணிக நிறுவனங்களிலும் ஸ்காட்லாந்தினர் பங்கு பெரிது. 1821இல் சிங்கப்பூரில் கத்ரி நிறுவனத்தைத் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரி, பிரீக்கின் என்னும் ஸ்காட்லாந்து ஊரினர். 1910இல் மலாக்காவில் சைம் டார்பி நிறுவனத்தைத் தொடங்கிய இருவருள் வில்லியம் சைமும் ஸ்காட்லாந்தினரே. ஜொகூரில் 1924ஆம் ஆண்டு செம்பனை பயிரிடத் தொடங்கிய கத்ரி நிறுவனம், அம்மரத்தின் தாவரவியற் பெயரையே தோட்டத்திற்குச் சூட்டியது. அதுதான் எலியிஸ் தோட்டம். பெயரிடும் உரிமை யாரிடம் இருந்தது என்பதற்கு இவை போதிய சான்று.

தமிழரும் தாம் வாழ்ந்த தோட்டங்களுக்கும் பிரிவுகளுக்கும் தமக்கெனப் பெயர் வைத்தே வழங்கினர். துரையின் பெயர், கங்காணியின் பெயர், அருகிலிருந்த ஆறு, குன்று, மரம் என அப்பெயர்களின் அடிப்படை பலவாகும். ஆனால் அவை பேச்சில் மட்டுமே நிலவின; நிலப் பத்திரத்திலோ நில அளவை வரைபடத்திலோ இடம்பெறவில்லை. ஒரு தோட்டம் கலைந்த தலைமுறையிலேயே அப்பெயரும் மறைகின்றது. பாரிட் ராஜாவில் இன்று ஒரு ஜாவானியர் கூட இல்லாமற்போயினும் அப்பெயர் அவர்களை நினைவூட்டிக்கொண்டேயிருக்கும். தமிழரின் தோட்டப்பெயர்களுக்கு அந்நிலை வாய்க்கவில்லை.

தமிழில் 'தோட்டம்' என்னும் சொல்லே ஒரு முரணைத் தாங்கி நிற்கின்றது. தமிழ்நாட்டுச் சிற்றூரில் தோட்டம் என்பது கிணறும் வரப்புமாக ஒருவர் தமக்கெனக் கொண்டிருக்கும் நிலம். அல்லது வீட்டின் கொல்லைப்புறம். மலாயாவில் அதே சொல் பிறர்க்கு உரிய பல்லாயிரம் ஏக்கரைக் குறித்தது. 'கித்தாக் காடு', 'பால்மரக் காடு' என்றும் மக்கள் வழங்கினர். தோட்டமும் காடும் ஒரே இடத்திற்குப் பெயராயின. அக்காடு முன்னர் ஆளற்ற காடாகவும் இருந்ததில்லை. ஜக்கூன் முதலிய பூர்வகுடியினர் நடமாடி வாழ்ந்த நிலம் அது. அவர்தம் பெயர்களும் தோட்டங்களின் பத்திரங்களில் ஏறவில்லை.

நிலமில்லாக் குடியேற்றம்

அல்ஸ்டர் உழவர்கள் நிலவுடைமையாளரல்லர். பெருநிலக்கிழார்களின் குத்தகைக் குடிகள். ஆனால் அவர்களிடையே 'அல்ஸ்டர் வழக்கம்' என்னும் உரிமையொன்று உருவாயிற்று. குத்தகை செலுத்தும் வரை குடியை வெளியேற்றலாகாது. அவர் வெளியேற விரும்பினால் நிலத்தில் தாம் செய்த மேம்பாட்டின் பயனை அடுத்த குடிக்கு விலைக்கு விற்கலாம் என்பதே அதன் சாரம். 1870ஆம் ஆண்டின் நிலச்சட்டம் இவ்வழக்கத்திற்குச் சட்ட வலிமை அளித்தது. 1903ஆம் ஆண்டின் சட்டம் குடிகள் நிலத்தையே விலைக்கு வாங்க வழி வகுத்தது. அந்நிலம் கேலிக் மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் அதன் பகை நூற்றாண்டுகளாகத் தொடர்ந்தது என்பதையும் மறவாமல், ஒன்றை மட்டும் இங்குக் குறிப்போம்: மரபு நின்று வளர்வதற்கு ஒரு தரை அவர்களுக்கு இருந்தது.

ஜொகூர்த் தோட்டத்தில் நிலைமை வேறு. லயன் வீடு கூலியின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டது. வேலை உள்ளவரை வீடு. வேலை நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தந்தை இறந்தால் குடும்பத்தில் வேறொருவர் செக்ரோலில் பெயர் கொடுத்தாலன்றிக் கூரை நிலையாது. பிள்ளைகளை இளம் வயதிலேயே உளியும் வாளியும் ஏந்த வைத்தது வறுமை மட்டுமன்று, வீட்டைக் காக்கும் தேவையும்தான் என்பதை நாம் அழுத்திக் கூற வேண்டும். காலனியாட்சித் தொழிலாளர் சட்டம், குடும்பமாக வாழும் தொழிலாளிக்குக் காய்கறி பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரின் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டுமெனக் கூறியது. ஏறத்தாழ 2,700 சதுர அடி. முருங்கையும் வாழையும் கறிவேப்பிலையும் அங்கு வளர்ந்தன. மாட்டுக் கொட்டகைகளும் எழுந்தன. ஆனால் பயன்படுத்தும் இசைவு மட்டுமே தொழிலாளிக்கு உண்டு. விற்கவோ பிள்ளைக்கு எழுதிவைக்கவோ இயலாது. அவர் நட்ட முருங்கையின் நிழலும் நிர்வாகத்திற்கே உரியது.

அன்றைய மலாயாவில் தமிழர்க்கு நிலம் வழங்கும் சிறு முயற்சிகள் இல்லாமற்போகவில்லை. நெகிரி செம்பிலானில் சுவா என்னுமிடத்தில் 1930களில் அமைந்த இந்தியர் குடியேற்றம் நன்கு அறியப்பட்டது. ஆனால் தோட்டத் தொழிலாளரின் மொத்தத் தொகையோடு ஒப்பிட அவை கடுகளவே. ரப்பர் விலை வீழ்ந்த 1930 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டதை எண்ணிப் பார்த்தால், முதலாளிகளும் அரசும் இம்மக்களைக் குடிகளாகக் கருதவில்லை என்பது தெளிவாகும். விலை உயர்ந்தால் வரவழைக்கவும் வீழ்ந்தால் திருப்பியனுப்பவும் தக்க உழைப்பாகவே கருதினர். 1938இல் இந்திய அரசு உதவியுடன் கூடிய குடிபெயர்வைத் தடை செய்தபின்னரே தோட்ட மக்கள்தொகை போக்குவரவு குறைந்து நிலைபெறத் தொடங்கியது. தோட்டத்தில் பிறந்த தலைமுறை தலையெடுத்த காலம் அது.

போர்க்காலத்தை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. சயாம்–பர்மா இருப்புப்பாதைக்கு ஆடவரை இழந்த தோட்டங்களின் துயரத்தை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்கள் வழி நம் மாணவர் அறிவர். அதனை அடுத்து வந்த அவசரகாலம் (1948–1960) நம் பொருளுக்கு நெருக்கமானது. காட்டோரம் சிதறி வாழ்ந்தோரை ஒன்றுசேர்க்கும் பிரிக்ஸ் திட்டம் 1950ஆம் ஆண்டு ஜூனில் ஜொகூரிலிருந்தே தொடங்கப்பட்டது. சீனப் புறம்போக்குக் குடிகள் புதுக்கிராமங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முள்வேலி, ஊரடங்கு, உணவுக் கட்டுப்பாடு என அவர்கள் பட்ட அல்லல் பெரிது. எனினும் அங்கு அவர்களுக்கு வீட்டுமனை கிடைத்தது. காலப்போக்கில் பலர் குத்தகைப் பத்திரமும் பெற்றனர். அதே முள்வேலி தோட்டத் தமிழரையும் சூழ்ந்தது. தொலைவிலிருந்த பிரிவுகளின் லயன்கள் பிரிக்கப்பட்டு, தோட்டத்தின் நடுவே மக்கள் ஒன்றுசேர்க்கப்பட்டனர். வேலி ஒன்றே, ஆனால் வேலிக்குள்ளிருந்த மண் நிறுவனத்தினுடையது. அவசரகாலம் முடிந்து வேலி அகன்றபோது ஒரு சாராரிடம் ஊர் எஞ்சியது. மற்றொரு சாராரிடம் அது எஞ்சவில்லை. மலேசிய வரலாற்று நூல்கள் இவ்வேறுபாட்டிற்கு உரிய இடம் தரவில்லை என்பது எம் கருத்து.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைக் கூறுபோட்டு மறுவிற்பனை செய்தனர். இத்தோட்டத் துண்டாடலை உங்கு அசிஸ் தலைமையிலான குழு 1951 முதல் 1960 வரையிலான காலத்திற்கு ஆராய்ந்து, வேலையும் வீடும் ஒருங்கே இழந்த தொழிலாளரின் நிலையை நாட்டின் முன்வைத்தது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டத்தை வாங்குதல் என்னும் அவ்வெண்ணம், நிலமே இம்மக்களின் முதற்சிக்கல் என்பதைச் சரியாக உணர்ந்ததாகும். ஆயினும் தொழிலாளி பெற்றது சங்கத்தின் பங்கு. தன் வீடு நிற்கும் மனையன்று.

அதே காலத்தில் பெல்டா (1956) எனும் அரசு நில வளர்ச்சி வாரியம் புதிய வகைக் குடியேற்றத்தைத் தொடங்கியது. கூலாய் அருகே தாயிப் அண்டாக் திட்டம் 1960களின் தொடக்கத்தில் செம்பனைக்கு முன்னோடியாயிற்று. பெரும்பான்மையும் மலாய்க்காரராக இருந்த அக்குடியேறிகளுக்கு ஏறத்தாழ 10 ஏக்கர் பயிர்நிலமும் வீட்டுமனையும் ஒதுக்கப்பட்டன. அவர்களை மலாய்மொழி 'பெனரோக்கா' என்கிறது. காட்டைத் திறந்த முன்னோடிகள் என்பது பொருள். அரை நூற்றாண்டுக்கு முன் அதே மாவட்டத்தில் அதே வகைக் காட்டைத் திறந்த தமிழர்க்கு வழங்கிய சொல் 'கூலி'. நாம் யாரிடமிருந்தும் எதனையும் பறித்துக் கேட்கவில்லை. சொற்களின் வேறுபாட்டை மட்டும் சுட்டுகிறோம். நம் நகரவாசிகள் சிலர் 'தோட்டக்காட்டான்' என்பதை ஏளனமாக வழங்கியதையும் இவ்விடத்திலேயே நினைத்துக்கொள்வது நன்று.

உடைமை மாறியபோதும் இந்நிலை மாறவில்லை. 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் பங்குச் சந்தையில் ஒரு காலைப்பொழுதிற்குள் கத்ரி நிறுவனம் மலேசியாவின் பெர்மோடாலான் நேஷனல் வசமாயிற்று. தேசியப் பெருமிதத்திற்குரிய நிகழ்ச்சி அது. எனினும் வீட்டிற்கும் வேலைக்கும் இடையிலிருந்த கட்டு அவ்வாறே தொடர்ந்தது. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகியவை இணைந்தபோதும் அக்கட்டு அவிழவில்லை. இதற்குள் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஏக்கருக்குத் தேவைப்படும் ஆட்கள் குறைவு. அப்பணிக்கும் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் வந்தனர். ஜொகூர் பாருவைச் சூழ்ந்த தோட்டங்களோ வீடமைப்புத் திட்டங்களாயின. 2006இல் அறிவிக்கப்பட்ட இஸ்கந்தர் வட்டாரத் திட்டம் அப்போக்கை விரைவுபடுத்தியது. தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பாசிர் கூடாங், மாசாய், ஸ்கூடாய், கூலாய் முதலிய இடங்களின் வாடகை வீடுகளிலும் மலிவுவிலை வீடுகளிலும் சேர்ந்தன.

பெயர்த்தெடுக்கத்தக்க மரபு

தரை இல்லாத மக்களின் மரபு எவ்வடிவம் கொள்ளும்? ஜொகூரில் அது பெயர்த்தெடுத்துச் செல்லத்தக்க வடிவம் கொண்டது என்பதே எம் துணிபு.

கோயிலை முதலில் நோக்குவோம். நகரங்களில் கோயில் நிலம் உறுதிபெற்றது. ஜொகூர் பாருவின் இராஜமாரியம்மன் கோயில் 1911இல் சுல்தான் இப்ராகிம் வழங்கிய நிலத்தில் எழுந்தது. 'இராஜ' என்னும் அடைமொழி அக்கொடையை நினைவூட்டுகிறது. கண்ணாடிக் கோயில் எனப் புகழ்பெற்ற இராஜகாளியம்மன் கோயிலின் தொடக்கமும் 1922ஆம் ஆண்டைச் சேர்ந்த அரச நிலக்கொடையே. மூவாரில் நகரத்தார் தம் செல்வத்தால் தண்டாயுதபாணி கோயிலை அமைத்தனர். தோட்டத்து மாரியம்மனுக்கு இவ்வாய்ப்பு இல்லை. தொழிலாளர் கூலியிலிருந்து மாதந்தோறும் பிடித்த சந்தாவால் கோயில் எழுந்தது. நின்ற மண்ணோ நிறுவனத்தின் மண். தோட்டம் விற்கப்பட்டபோது சிலையும் சூலமும் கரகமும் புதிய இடம் தேடிப் புறப்பட்டன. எல்லையில் மரத்தடியில் நின்ற முனீஸ்வரர்க்கோ பெயர்வதும் எளிதன்று. மரத்தைத் தூக்கிச் செல்ல இயலாதன்றோ! இன்றும் சில தோட்டங்களில் ஆண்டுத் திருவிழாவின்போது, என்றோ வெளியேறிய குடும்பங்கள் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்து கூடுகின்றன. மூன்று நாட்களுக்கு மட்டும் அத்தோட்டம் மீண்டும் ஊராகின்றது. தீமிதிக் குழியின் சாம்பல் ஆறியதும் செம்பனை வரிசைகளே எஞ்சுகின்றன.

தமிழ்ப்பள்ளியின் வரலாறு இதனினும் நுண்ணியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் எனக் கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஜொகூரும் அப்போக்கைப் பின்பற்றியது. கிராணியோ கங்காணியோ படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியராக இருந்த அப்பள்ளிகளின் தரம் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. விடுதலைக்குப்பின் அவை தேசிய வகைத் தமிழ்ப்பள்ளிகளாயின. ஆயினும் நிலச் சிக்கல் அங்கும் தொடர்ந்தது. தனியார் நிலத்தில் நிற்கும் பள்ளி அரசின் முழு உதவி பெறும் தகுதியின்றிப் பகுதி உதவி பெறும் பள்ளியாகவே நின்றது. கூரை ஒழுகுவதற்கும் நிலப் பத்திரத்திற்கும் உள்ள தொடர்பை நம் தலைமையாசிரியர்கள் அறிந்த அளவு வேறு எவரும் அறியார்.

இன்று ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றுட் பலவற்றின் பெயரில் 'லாடாங்', அதாவது தோட்டம், என்னும் மலாய்ச்சொல் நிற்கின்றது. மாணவர் குறைந்த தோட்டப் பள்ளியின் உரிமத்தை நகர்ப்புற வீடமைப்புப் பகுதிக்கு மாற்றும் வழக்கத்தால், சுற்றிலும் ஒரு பால்மரமும் இல்லாத இடத்தில் 'லாடாங்' எனும் பெயர்ப்பலகை நிற்கக் காண்கிறோம். முத்தியாரா ரினி வீடமைப்புப் பகுதியில் உள்ள லாடாங் ரினி தமிழ்ப்பள்ளி தக்க எடுத்துக்காட்டு. மவுண்ட் ஆஸ்டினோ இன்று உணவகங்களும் கடைத்தொகுதிகளும் நிறைந்த பெரும் புறநகர். அங்கு வாழும் இளைஞர் பலர்க்கு அது ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெயர் என்பதே தெரியாது. 'லாடாங்' என்னும் சொல்லைப் பள்ளிப் பெயரிலிருந்து நீக்கிவிட வேண்டும், அது பின்தங்கிய நிலையைக் குறிக்கிறது என்று வாதிடுவோர் உளர். அவர்தம் உணர்வு புரிகிறது. ஆனால் நாம் அதனை ஏற்கவில்லை. நில அளவை வரைபடம் தர மறுத்த இடத்தை அப்பெயர்ப்பலகை தந்திருக்கிறது. ஒரு மக்கட்கூட்டம் எந்த மண்ணிலிருந்து பெயர்ந்து வந்தது என்பதற்கு அரசு முத்திரையுடன் எஞ்சிய பொதுச்சான்று பெரும்பாலும் அஃதொன்றே.

சான்றுகள் இருக்குமிடம்

நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இலண்டனில் கிடைக்கும். ஜொகூர்ப் பொது ஆலோசகர் அலுவலகக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் ஏக்கரும் இராத்தலும் கூலிக் கணக்கும் உண்டு. தோட்ட மக்கள் தாமே எழுதியவை வேறிடத்தில் உள்ளன: கோயிற் சந்தாக் கணக்கேடுகள், திருவிழா அறிவிப்புத் தாள்கள், இடுகாட்டுக் கற்கள், பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள். இவற்றுள் கடைசியதையே மிக விலைமதிப்புள்ளதாகக் கருதுகிறோம். மாணவர் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவை வரிசை வரிசையாக அதில் உள்ளன. அரை நூற்றாண்டுப் பதிவேட்டை முழுதும் படித்தால், எக்குடும்பம் எத்தனை தலைமுறை அங்கிருந்தது என்பதையும், உடன்பிறந்தோர் ஒருவர்பின் ஒருவராக எந்த வயதில் பள்ளியை விட்டு வேலைக்காட்டிற்குச் சென்றனர் என்பதையும் அறியலாம்.

பள்ளி இடம் மாறும்போது மேசையும் நாற்காலியும் கணக்கில் ஏறி உடன் செல்கின்றன. பழைய பதிவேடுகள் அவ்வாறு கணக்கில் ஏறுவதில்லை; பழைய கட்டடத்தோடு அவை அழிவதும் உண்டு. இதழைப் படிக்கும் தமிழாசிரியர்கள் தம் பள்ளியின் பொருளறையில் எந்த ஆண்டு முதலான பதிவேடுகள் உள்ளன என்று ஒரு நாள் பார்த்துக் குறித்து வைத்தாலே ஆய்வு பாதி தொடங்கிவிடும். குறிப்பாக 1969, 1970ஆம் ஆண்டுகளின் பக்கங்களைப் பார்க்க வேண்டும். குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த குடும்பங்கள் பல 'ரஜுலா' கப்பலில் இந்தியா திரும்பின. இந்நாட்டில் பிறந்து அந்நாட்டைக் கண்டிராத பிள்ளைகளும் அவர்களுடன் சென்றனர். அவர்கள் எத்தனை பேர், எந்தத் தோட்டத்தினர், எந்த வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோர் என்பதைக் கப்பல் நிறுவனத்தின் பயணச்சீட்டுக் கணக்கு கூறாது. 'விலகிய நாள்' என்னும் கட்டத்தில் ஆசிரியர் ஒருவர் மையால் எழுதிவைத்த தேதிகள் கூறும்.